கரும்பு வண்டி எண்ணும் 6174-உம்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடைக்கு வரிசைகட்டும். காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு. முன்னால் நிற்கும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 4905 என்று வைப்போம். இறங்குவரிசையில் அடுக்கினால் 9540, ஏறுவரிசையில் 0459. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 9081. அதையும் இப்படியே அடுக்கிக் கழித்தால் 9621, பிறகு 8352, பிறகு 6174. இன்னொரு முறை செய்யுங்கள்: 7641 கழித்தல் 1467, மறுபடி 6174.

எந்த வண்டி எண்ணானாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நின்றுவிடும். முன்னால் வரும் சுழியத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. நான்கும் ஒரே இலக்கமானால் கதை வேறு. கூடுதல் பணம் கட்டி வாங்கிய 7777 முதல் கழித்தலிலேயே பூஜ்யம்!

இதை 1946-இல் கண்டறிந்தவர் நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1949-இல் அவர் இதை அறிவித்தது நம் சென்னையில், ஒரு கணித மாநாட்டில். முதுகலைப் பட்டம் பெறாத அவரை அன்றைய கணிதர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. 1975-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒதுக்கியவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இந்த வித்தை நாம் பத்துப் பத்தாக எண்ணுவதைச் சார்ந்தது. எண்ணும் முறையை மாற்றினால் 6174-க்கு இந்த மவுசு இல்லை.

ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால் பள்ளி இயற்கணிதமே அழகாக விடை சொல்கிறது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து அ, ஆ, இ, ஈ என்போம். கழித்தால் வருவது 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ). அதாவது நான்கு இலக்கங்களில் எஞ்சுவது இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது அதை மிஞ்சாது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 54 விடைகள். ஆயிரக்கணக்கான எண்கள் முதல் கழித்தலிலேயே 54-ஆகச் சுருங்கிவிடுகின்றன. பிறகு அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட வேண்டியதுதான். ஒரு சாயங்காலம் போதும்.

6174-க்கு வேறு பெருமைகளும் உண்டு. இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. அதால் வகுத்தால் மீதியின்றி 343, அதாவது ஏழின் கனம். 18, அதன் வர்க்கம் 324, அதன் கனம் 5832 மூன்றையும் கூட்டினாலும் 6174. இதற்கும் கழித்தல் வித்தைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. தற்செயல் என்றே நினைக்கிறேன்.

மூன்று இலக்கத்துக்கும் இப்படி ஒரு நிலையம் உண்டு: 495. ஐந்து இலக்கத்தில் நிலையமே கிடையாது, சுழற்சிகள்தான். ஆறு இலக்கத்தில் 549945, 631764 என இரண்டு நிலையங்கள். அவை தவிர ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழல். மூங்கில்துறைப்பட்டின் அஞ்சல் குறியீடான 605702-ஐப் போட்டுப் பார்த்தேன். 762633, 532665, 429966, 749943, 652644 என்று போய் ஆறாவது கழித்தலில் 420876. அங்கிருந்து 851742, 750843, 840852, 860832, 862632, 642654 என்று ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி 420876.