அம்மா படிக்கப் போகிறாள்... குழந்தை?

கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தையும் வந்த பிறகு மேல்படிப்புக்குப் பிரிட்டன் போன பெண்கள் சில வருஷங்களுக்கு முன்புவரை நிறையப் பேர். "ஒரு வருஷம் எம்.எஸ்ஸி. மாப்பிள்ளையும் குழந்தையும் கூடவே போறாங்க" என்று வீட்டில் நிம்மதியாகச் சொல்வார்கள். மாணவியைச் சார்ந்தவர்கள் என்று கணவருக்கும் குழந்தைக்கும் விசா கிடைத்தது. மாணவி, படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கணவரோ முழுநேரமும் பார்க்கலாம். அவர் சம்பளத்தில் வாடகை ஓடிவிடும்!

2024 ஜனவரி 1-ம் தேதியோடு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அன்றோ அதற்குப் பிறகோ படிப்பைத் தொடங்குகிறவர்கள் கணவரையோ மனைவியையோ குழந்தையையோ கூட்டிப்போக முடியாது. பிஎச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களுக்கும், அரசாங்க ஸ்காலர்ஷிப்பில் போகிறவர்களுக்கும் மட்டும் விலக்கு.

ஏன் இந்தத் திடீர் மாற்றம்? மாணவர்களைச் சார்ந்தவர்களுக்கு 2019-ல் கொடுத்த விசா சுமார் 16,000. 2022-ல் அதுவே சுமார் 1,36,000. நைஜீரியாவும் நம் இந்தியாவும்தான் முன்வரிசையில். வந்து சேருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன் 2023 மே மாதம் இதை அறிவித்தார். அவர்களுக்கு அது ஒரு கணக்கு. இங்கே கூடத்தில் தவழ்ந்துகொண்டிருப்பது குழந்தையாயிற்றே!

எந்தத் தேதியைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் பலர் அடிபட்டார்கள். இடம் கிடைத்த தேதி இல்லை, முன்பணம் கட்டிய தேதியும் இல்லை. படிப்பு தொடங்கும் தேதி. 2023 செப்டம்பரில் சேர்ந்தவளுக்குக் குடும்பத்தோடு போக வழி இருந்தது. அதே படிப்பில் அடுத்த ஜனவரியில் சேர்ந்தவளுக்கு இல்லை. வேலையை எப்போது விட்டாய், நகையை எப்போது அடகு வைத்தாய் என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை.

சட்டத்தில் ஆண், பெண் பேதம் கிடையாது. ஆனால் சுமை ஒரே மாதிரி விழுகிறதா, சொல்லுங்கள்! கணவன் தனியாகப் போனால், "படிக்கத்தானே போறான், ஒரு வருஷம் ஓடிடும்" என்போம். மனைவி போனால், "பச்சைக் குழந்தையை விட்டுட்டா?" என்று கேட்கிறவர்களும் நாம்தான். சீட்டு கிடைத்த பிறகும் எத்தனையோ பெண்கள் அந்தக் கேள்விக்காகவே பின்வாங்கிவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செலவும் ஏறியிருக்கிறது. மாணவர்கள் கட்டும் மருத்துவக் கட்டணம் 2024 பிப்ரவரி 6 முதல் வருஷத்துக்கு 470 பவுண்டிலிருந்து 776 பவுண்டு. விசாவில் படிப்புக் காலத்துக்கு மேலும் சில மாதங்கள் சேர்வதால், ஒரு வருஷப் படிப்புக்கும் ஒன்றரை வருஷக் கட்டணம், 1,164 பவுண்டு! லண்டனில் படிக்கிறவர் தன் சாப்பாடு, வாடகைக்கென்று வங்கியில் காட்ட வேண்டிய தொகை 2025 ஜனவரி 2-ல் மாதத்துக்கு 1,334-லிருந்து 1,483 பவுண்டாயிற்று. அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. ஒன்பது மாதத்துக்கான பணம் 28 நாட்கள் கணக்கில் தொடர்ந்து கிடக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் எடுத்தாலும் வம்பு.

"படிப்பு முடிஞ்சதும் குழந்தையை அழைச்சுக்கலாமே?" அதுவும் சுலபமில்லை. படித்து முடித்தவர்கள் வேலை தேடத் தங்கும் விசாவில், ஏற்கெனவே சார்ந்தவர்களாக அங்கே இருந்தவர்களுக்குத்தான் இடம். புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. முன்பு இரண்டு வருஷமாக இருந்த அந்த விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒன்றரை வருஷம்தான் (பிஎச்.டி.க்கு மூன்று வருஷம்). முதலாளி மூலம் வேலை விசாவுக்கு மாறினால் குடும்பத்தை அழைக்க வாய்ப்புண்டு. அதுவும் எல்லா வேலைக்கும் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டில் பெண்ணோ மருமகளோ கிளம்புவதாக இருந்தால், கடன் வாங்குமுன்பே பல்கலைக்கழகத்தில் எழுதிக் கேளுங்கள்: இது பாடப் படிப்பா, ஆராய்ச்சிப் படிப்பா? ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது. கணவரும் குழந்தையும் சுற்றுலா விசாவில் போய்ப் பார்க்கலாம், வழக்கமாக ஆறு மாதம் வரை. ஆனால் கணவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது. அடிக்கடி போய்க் குடியிருப்பதுபோல் தங்கவும் கூடாது.

பிரிந்துதான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், குழந்தையின் தடுப்பூசி அட்டை யாரிடம், டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்பதையெல்லாம் முன்பே பேசி வையுங்கள். தொலைபேசி நேரத்தையும்தான். அவள் வகுப்பு முடிந்து மாலை 5 மணிக்குக் கூப்பிட்டால், குளிர்காலத்தில் இங்கே ராத்திரி பத்தரை, குழந்தை தூங்கிப்போயிருக்கும். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. குழந்தைக்குச் சோறூட்டும் வேளை அது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் கூடச் சாப்பிடும்.