எஜமானன் இல்லாத யந்திரம்

லேத் பட்டறை ஒன்றினுள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவன வரிசையாக நிற்கும் கடைசல் யந்திரங்களும் அவற்றின் முன் நிற்கும் டர்னர்களுமே. மூலையில் ஒரு மேஜையின் மீது போல்ட் வைத்து இறுக்கப்பட்டு, இருபுறமும் ஒவ்வொரு கல்லைத் தாங்கி நிற்கும் சிறிய சாணை யந்திரத்தை அவர் கவனிப்பது அபூர்வம். கடைசல் யந்திரத்துக்கு ஒரு மனிதன் உண்டு; அதற்கு எண்ணெய் விடுவதும், மாலையில் துடைத்து வைப்பதும், அதன் சப்தத்தில் சிறு பேதம் கேட்டாலே முகம் சுளிப்பதும் அவனுடைய சுபாவம். சாணைக்கோ அத்தகைய எஜமானன் இல்லை. டூல் தீட்ட வரும் டர்னரும், உளி முனையைச் சீர்செய்ய வரும் ஃபிட்டரும், வெல்டிங் பிசிறை நீக்க வரும் பையனும் இரண்டு நிமிஷம் நின்று காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் அபாயத்தில் பெரும்பகுதி, அது இவ்வாறு எல்லாருக்கும் பொதுவாய், எவருக்கும் பொறுப்பில்லாததாய் இருப்பதிலிருந்தே பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எட்டு அங்குலக் கல் நிமிஷத்துக்குச் சுமார் 2,850 முறை சுழல்கையில் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தைத் தாங்க வேண்டிய பொருளோ, சாதாரணமாக, அலுமினியம் ஆக்ஸைடு மணிகளைக் களிமண் சார்ந்த பிணைப்பினால் சேர்த்துச் சூளையில் சுட்டெடுத்தது; உருக்கையே தேய்க்கும் வன்மை படைத்ததாயினும், உடைவதில் அது மட்பாண்டத்தின் இனத்தைச் சேர்ந்தது. சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் பாட்டியின் பரீட்சையே இதற்கும் உரியது. கல்லின் துவாரத்தில் விரலையோ பென்சிலையோ கோத்துத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே மெல்லத் தட்டினால், நல்ல கல் தெளிவாக ஒலிக்கும். விரிசல் கண்ட கல்லின் ஓசை மந்தமாய் உடனே அடங்கிவிடும். கல் ஈரமாயிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. புதுக்கல்தானே என்று இதைத் தவிர்ப்பவர்கள், அது லாரியில் வந்த வழியிலோ கடைப் பரணிலிருந்து இறங்கிய வேளையிலோ கீழே விழுந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை.

கல்லின் நடுவில் இருபுறமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தை விளம்பரச் சீட்டென்று கருதிக் கிழித்தெறிகிறவர்களும் உண்டு. கல்லை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் பிளாஞ்சின் அழுத்தம் ஒரே இடத்தில் குவியாமல் எங்கும் சமமாகப் பரவுவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. பிளாஞ்சுகள் இரண்டும் ஒரே அளவினவாய், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவையாய் இருத்தல் வேண்டும். நட்டை ஸ்பானரில் குழாய் மாட்டி முறுக்குவது கல்லைப் பிளக்கும் வேலை. கல்லை மாட்டியபின், கார்டை மூடி, ஸ்விட்சைப் போட்டு, ஒரு நிமிஷமாவது கல்லுக்கு நேர் எதிரே நில்லாமல் ஒதுங்கி நிற்பது பழைய மேஸ்திரிகளின் வழக்கம். உடைகிற கல் பெரும்பாலும் அந்த முதல் நிமிஷத்திலேயே உடைந்துவிடும்.

இவையெல்லாம் கல் மாற்றும் நாளின் காரியங்கள். அன்றாட அபாயம் இதனினும் சூக்ஷ்மமானது. யந்திரம் புதிதாக வந்தபோது, தீட்டும் பொருளைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளி இருக்கும்படி சரிசெய்யப்பட்டிருக்கும். ஆனால், கல் நாள்தோறும் தேய, ஒருவரும் ஒரு தவறும் செய்யாமலே அந்த இடைவெளி ஐந்தாகி, எட்டாகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஒரு மெல்லிய தகட்டையோ சிறு டூல் பிட்டையோ அங்கே வைத்தால், கீழ்நோக்கிச் சுழலும் கல் அதைக் கணத்தில் உள்ளே இழுத்துச் சிக்கவைக்கும். பிடித்திருந்த விரலும் கூடவே செல்லும். சில வேளைகளில் கல்லே நொறுங்கும். மேலே கார்டின் நாக்குத் தகடும் கல் தேயத் தேய இறக்கப்பட்டு, ஆறு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது. இரண்டையும் சரிசெய்ய ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிஷமும் போதும், யந்திரத்தை நிறுத்திவிட்டுச் செய்கிற பட்சத்தில். அந்த ஐந்து நிமிஷம் யாருடையது என்பதுதான் பட்டறையில் தீராத வழக்கு. வாரம் ஒருவர் பெயரைச் சாக்கட்டியால் சுவரில் எழுதிவைக்கும் முதலாளி, விலையுயர்ந்த யந்திரம் வாங்கும் முதலாளியைவிடப் புத்திசாலி என்பேன்.

கையுறை அணிவது ஜாக்கிரதை என்று தோன்றும். துணிக்கையுறையின் நுனி கல்லில் சிக்கினால் கையும் உடன் போகுமாதலால், சாணையருகில் அது விபரீதமே. தோளில் தொங்கும் துண்டுக்கும், தளர்ந்த சட்டைக் கைக்கும் இதே தோஷம் உண்டு. கண்ணுக்கோ பக்கங்களும் மூடிய காகிள்ஸ்தான் வேண்டும், படிக்கும் மூக்குக்கண்ணாடி போதாது. கருவிழியில் தைத்த இரும்புத் துகள் அங்கேயே துருப்பிடித்து வளையமிடுமாகையால், கைக்குட்டை நுனியால் எடுத்துவிடலாமென்று முயலும் பட்டறை வைத்தியம் கண்ணுக்கே தீங்கு. அலுமினியத்தையும் பித்தளையையும் உருக்குக்குரிய கல்லில் தீட்டினால் அவை அதன் துளைகளில் அப்பி, கல் வெட்டாமல் சூடேறத் தொடங்கும். வெட்டவில்லையே என்று மேலும் அழுத்துகிறவன் கல்லைப் பிளக்கும் வழியில் போகிறான்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, சாணை நடைபெறும் ஒவ்வொரு யந்திரத்தின் அருகிலும் ஓர் அறிவிப்பு இருக்க வேண்டுமென்று விதித்தது: கல்லின் விளிம்பு ஓடத்தக்க உச்ச வேகம், அது மாட்டப்பட்ட தண்டின் வேகம், அந்தத் தண்டிலுள்ள கப்பியின் விட்டம். பெல்ட் ஓட்டிய காலத்தில் யாரேனும் சிறிய கப்பியை மாட்டிவிட்டால் ஒருவரும் அறியாமல் கல்லின் வேகம் ஏறிவிடும்; வேகம் இரட்டித்தால் கல்லைப் பிளக்கும் விசை நான்கு மடங்காகும். இன்று கல் மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டப்படுவதால் கப்பி மறைந்துபோயிற்று. உச்ச வேகத்தின் எண் மட்டும் அந்தக் காகித வட்டத்தின் மேல் அச்சாகி வருகிறது. ஹார்ட்வேர் கடையில் கல் வாங்கப் போகிறவர் விட்டம் கேட்கிறார், துவாரம் கேட்கிறார், விலையில் பேரம் பேசுகிறார். அந்த எண்ணைக் கேட்பவர் மிகச் சிலரே.