நிச்சய மோதிரமும் அதன் செலவும்

மணம் பேசி முடித்த இல்லங்களில் அடுத்து எழும் பேச்சுப் பெரும்பாலும் பொன்னைப் பற்றியதாகவே இருக்கும். நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் நிச்சய நாளன்று மோதிரம் மாற்றிக்கொள்ளுதல் வழக்கமாதலின், அம்மோதிரம் எத்தகையதாதல் வேண்டும், அதற்கு எவ்வளவு செலவிடல் தகும் என்னும் வினாக்கள் சென்ற ஆண்டு எம் இல்லத்திலும் எழுந்தன. மணமகனார் என் தமையனார்; பள்ளி ஆசிரியர். ஒற்றைக்கல் வைர மோதிரமே வேண்டுமென்றார் அத்தையார். வேண்டுமாயின் கடன் பெறலாம் என்றார் தந்தையார். தமையனார் தாம் எட்டுத் திங்களாகச் சேர்த்த தொகையை ஒரு தாளில் எழுதி, அதன்கீழ்க் கோடும் இட்டு, "இதற்கு மேல் இல்லை, அப்பா" என்றார். அத்தாளைக் கையிற் கொண்டு நாங்கள் கற்றவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

மணமகன் வைரமே அணிவித்தல் வேண்டும் என்னும் எண்ணம் மிகத் தொன்மையானதன்று. 1867ஆம் ஆண்டளவில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கண்டறியப்பட்ட பின்னரே அக்கல் மேனாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டுவதாயிற்று. டி பீர்ஸ் கம்பெனிக்காக 1947இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்று, வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருள்பட ஒரு வாசகம் இயற்றிற்று. இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்கு ஒதுக்குதலே முறை என்னும் கணக்கும் 1980ஆம் ஆண்டுகளில் அக்கம்பெனியின் விளம்பரங்கள் வாயிலாகவே பரவிற்று. விற்பவர் வகுத்த கணக்கை வாங்குபவர் வேதவாக்காகக் கொள்ளவேண்டுவதில்லை என்பது என் துணிபு.

கல்லை மதிப்பிடும் அறிவோ நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து, களங்கம், காகபாதம், விந்து, ரேகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கிய வைரம் பேசப்படுகின்றது. இற்றை வணிகரும் கல்லின் உட்குற்றத்தையே வேறு பெயரால் ஆராய்கின்றனர். அதனோடு நிறம், பட்டை தீட்டிய செம்மை, நிறை ஆகியவற்றையும் கூட்டி விலை குறிக்கின்றனர். இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. பொன்னுக்குக் கூறும் காரட் தூய்மையளவு. கல்லுக்குக் கூறும் காரட் நிறையளவு. பின்னது 200 மில்லிகிராம் ஆகும். கல் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு காரட்டின் விலையும் ஏறும். கண்ணுக்குத் தோன்றும் அகலமோ அவ்வாறு ஏறுவதில்லை. 1 காரட் வட்ட வைரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர், அரைக் காரட்டினது 5.1. பாதி நிறையுடைய கல் ஐந்தில் நான்கு பங்கு அகலமாகத் தோன்றும் என்றால், சிக்கனம் வேண்டுவோர்க்கு அஃதொன்றே போதாதோ?

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் இப்பொழுது கிடைக்கின்றது. அதுவும் கரியே, கடினமும் ஒன்றே, வெறுங்கண்ணால் வேறுபாடு காணல் இயலாது. விலை மிகக் குறைவு. திரும்ப விற்கப் புகுவார்க்குக் கிடைப்பதும் குறைவே. சான்றிதழின்றி இரண்டில் எதனையும் வாங்கலாகாது.

முதலில் பெரியதொரு கடைக்குச் சென்றோம். பொன்னின் விலையும் கல்லின் விலையும் இனிமையாகக் கூறினர். செய்கூலி, சேதாரம், வரி என்பன நாங்கள் எழுந்திருக்கும் வேளையில்தான் வெளிவந்தன. தாளிலிருந்த கோட்டை அத்தொகை நெடுந்தூரம் தாண்டிற்று. அன்றிரவு அம்மா தம் பெட்டியிலிருந்து, திருகு தொலைந்துபோன பழைய தோடு ஓரிணையை எடுத்துத் தமையனார் கையில் வைத்தார். அவை எங்கள் பாட்டியாருடையவை. உருக்குவதா என்று தயங்கினோம். "பெட்டிக்குள் கிடப்பதை விட அந்தப் பெண்ணின் கையில் கிடக்கட்டும்" என்றார் அம்மா.

பின்னர் நாங்கள் நாடியது எம் ஊர் ஆசாரியார் ஒருவரை. கோவலன் கதையை அப்பொழுதுதான் வகுப்பிற் கற்று முடித்திருந்தேனாதலின், யான் சற்றே ஐயத்தோடு நின்றேன். அதனை அறிந்தார் போலும். தராசின் எண்கள் எமக்குத் தெரியும்படி திருப்பி வைத்து, "நல்லாப் பார்த்துக்குங்க, தம்பி" என்றார். எனக்கு நாணமாயிற்று. கற்களைக் கழற்றியபின் தோடுகள் 5.2 கிராம் நின்றன. உருக்கி, அழுக்கும் பற்றாசும் நீங்கியபின் 4.8 கிராம். மாற்றுச் சோதித்ததில் 22 காரட் என்று நாங்கள் நம்பியிருந்த பொன் 20 காரட்டே ஆயிற்று. அஃதாவது, அதிலிருந்த தூய பொன் 4 கிராம்.

இவ்விடத்தில் அவர் கூறியதே எங்கள் கணக்கை மாற்றிற்று. 22 காரட்டில் செய்வதாயின் நூற்றுக்கு 91.6 பங்கு பொன் வேண்டும். மேலும் பொன் வாங்கியே தீரவேண்டும். 18 காரட்டாயின் 75 பங்கே போதும். செம்பும் வெள்ளியும் சேர்த்தால் அந்த 4 கிராம் தூய பொன் 5.3 கிராம் ஆகும். அன்றியும் 18 காரட் பொன் கடினமானது. கல்லை இறுகப் பற்றும். நம் ஊரில் 22 காரட்டுக்குக் குறைந்ததைப் பொன்னென்றே மதியாதார் பலர். கல் பதித்த மோதிரத்தில் அம்மதிப்பு உதவாது.

மோதிர வளையத்தின் கனத்தைக் குறைத்து விலையைக் குறைக்கும் வழியும் ஒன்றுண்டு. 2.5 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையத்தை 1.5 மில்லிமீட்டர் கனத்திலிருந்து 1 மில்லிமீட்டருக்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொன் மீதமாகும். ஆனால் நாள்தோறும் அணியும் மெல்லிய வளையம் எளிதில் நெளிந்து தேயும். கல்லைச் சிறிதாக்கினும் வளையத்தைச் சிறிதாக்கற்க என்றார் ஆசாரியார்.

இத்தனையும் பேசிய நாங்கள் அணியப்போகிறவரை வினவவில்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது! மணமகளார் மருத்துவமனைச் செவிலியர். தமையனார் தொலைபேசியில் வினவியபோது, "கல் உயரமாக இருந்தால் கையுறை கிழியும், பணியின்போது கழற்றி வைத்தால் தொலைந்துபோகும்" என்றாராம். பொன் முட்கள் கல்லைக் கவ்வித் தூக்கி நிற்கும் அமைப்பை அதனால் கைவிட்டோம். கல்லைச் சுற்றிலும் பொன் விளிம்பு வைத்து, வளையத்தோடு படியும்படி தாழ அமைக்கச் சொன்னோம். ஆய்வகத்தில் வளர்த்த 0.30 காரட் வைரம் தெரிந்தெடுக்கப்பட்டது. அஃது அத்தகையது என்பதைப் பெண்வீட்டார்க்குத் தமையனார் முன்னரே கூறிவிட்டார். பணியிடத்தில் மோதிரமே கூடாதென்றால் கோத்து அணிய ஒரு சங்கிலியும் வைத்துக்கொள்வதாக அவர் கூறினார்.

விரலளவைக் காகிதக் கீற்றால் மாலை வேளையில் எடுத்தல் நன்று. காலையிலும் குளிரிலும் விரல் சற்றே சுருங்கியிருக்கும். கணுவைக் கடந்து செல்லுதலையும் பார்த்தல் வேண்டும். சுற்றளவு 52 மில்லிமீட்டராயின் உட்குறுக்களவு ஏறத்தாழ 16.5 ஆகும்.

கடையில் வாங்குவோர்க்கு ஹால்மார்க் துணையாகும். 2021ஆம் ஆண்டு முதல் மாவட்டம் மாவட்டமாக அது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனியடையாளம் பொறித்தே விற்றல் வேண்டும் என்பது விதி. எம் ஆசாரியார் சிறு தொழிலராதலின், மோதிரத்தை மதிப்பீட்டு மையத்துக்கு நாங்களே எடுத்துச்சென்று கட்டணம் செலுத்திச் சோதித்தோம். 750 என்று வந்தது. அத்தாளை அவரிடம் காட்டியபோது, தெரிந்ததுதானே என்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு உலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மோதிரத்தில் நின்ற பொன் 3.8 கிராம், பேசியபடி சேதாரம் 0.4. கல்லின் விலையும் கூலியும் சேர்ந்து தாளிலிருந்த கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன. மீந்த 1.1 கிராம் பொன்னை ஆசாரியார் சிறு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அம்மா அதனையும், தோட்டிலிருந்து கழற்றிய சிவப்புக் கற்களையும், பாட்டியாரின் பழைய சம்படத்திலேயே இட்டு மூடி வைத்தார்.