முச்சை செய்யும் மாயம்

தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறும் பட்டங்கள் கடையில் வாங்கியவை அல்ல. கப்பல், விமானம், பறவை என்று ஒவ்வொரு குழுவும் தானே வடிவமைத்து, மூங்கிலை வார்ந்து கட்டியவை. வாடைக்காற்றில் நிற்கும் இந்தப் பட்டங்கள், பொறியியல் கண்ணுக்கு, கயிற்றில் கட்டிய கிளைடர்கள்.

இரண்டுக்கும் உறவு பழையது. 1804இல் இங்கிலாந்தின் ஜோர்ஜ் கேலி செய்த மாதிரிக் கிளைடருக்கு இறக்கையாக இருந்ததே ஒரு பட்டம்தான். ரைட் சகோதரர்கள் இறக்கையை முறுக்கித் திருப்பும் உத்தியை 1899இல் 5 அடிப் பட்டமொன்றில் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு கட்டிய கிளைடரையும் பெரும்பாலும் கயிறு கட்டிப் பட்டமாகவே ஏற்றிப் பார்த்தார்கள்.

கிளைடருக்கு எஞ்சின் இல்லை. தன் எடையால் மெல்லச் சறுக்கி இறங்கும்போதே அது முன்னேறுகிறது. இறக்கைக்கு வேண்டிய காற்றோட்டம் அப்படிக் கிடைக்கிறது. பட்டத்துக்குக் காற்றே எதிரே வருகிறது. அடித்துச் செல்லாமல் நூல் பிடித்துக்கொள்கிறது. இரண்டிலும் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

எந்தச் சாய்வில் காற்றை எதிர்கொள்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளைடரில் அதை வால் சிறகும் எடை மையமும் முடிவு செய்கின்றன. பட்டத்தில், அதன் மேலும் கீழும் கட்டி நூலோடு சேர்க்கும் கயிறுகளான முச்சை முடிவு செய்கிறது. மேற்கயிறு அளவுக்கு மிஞ்சி நீண்டால், பட்டம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இழுக்குமே தவிர ஏறாது. குறுகிவிட்டால் தலை கவிழ்ந்து குத்தும். பிறகு உச்சியில் விண் பூட்டுவார்கள்: வில்லில் இறுக்கிக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து கூவும். இறுக்கம் கூடினால் சுருதி ஏறும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 10 மீற்றர் வேகக் காற்றில், நன்றாக நிற்கும் பட்டத்தின் ஒவ்வொரு சதுர மீற்றரும் ஏறத்தாழ 6 கிலோ பாரத்தைத் தூக்கவல்லது. 12 சதுர மீற்றர் இருந்தால் ஓர் ஆளையே தூக்கிவிடும். 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கம் அதுதான் நடந்தது. கூட நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் அந்தரத்தில் தொங்கினார். நல்லவேளை, உயிர் தப்பினார்.

பெரிய பட்டம் ஏற்றுகிறவர்கள் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்ற வேண்டாம். முதலில் அதை உறுதியான மரத்தில் கட்டிவிட்டு, பிறகு பட்டத்தை விடுங்கள்.