வெந்தயமும் தாத்தாவின் மாத்திரையும்

தோசை மாவில் சேரும் வெந்தயத்தால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால், நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் தாத்தா, யாரோ சொன்னார்களென்று தினமும் கைப்பிடி வெந்தயம் விழுங்கினால்?

ஊறிய வெந்தயத்தின் வழவழப்பைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காலக்டோமன்னன் என்னும் நார்ப்பொருள் அது. குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. மாத்திரையும் சர்க்கரையைக் குறைப்பதால், இரண்டும் சேர்ந்து அதன் அளவு மிகவும் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றும். நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரை நீர் கொடுங்கள். வெந்தயம் உண்பதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். ‘அதென்ன மருந்தா?’ என்பார் தாத்தா!

நிலக்கடலை ஒவ்வாத சிலருக்கு வெந்தயமும் ஒவ்வாது. இரண்டும் அவரைக் குடும்பத்தவை. வெந்தயம் தின்றபின் வியர்வையில் பாகு மணம் வீசினால் மட்டும் அஞ்ச வேண்டாம். அது சோட்டோலான் என்ற பொருளின் மணம்.