குடத்துக்குள் போகாத பெயர்கள்

தமிழ் வகுப்பில் குடவோலை முறையைப் பெருமையோடு சொல்லி முடித்துவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: “யாருடைய பெயர் குடத்துக்குள் போகவே இல்லை?”

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) கூறும் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதினேன்: வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை; அதைப் பலரும் பாராட்டினர். அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்தாள்: “எங்களுக்கு நிலமில்லை சார். எங்க அம்மா பேரு போயிருக்காது.”

அரசியலமைப்பின் 326ஆம் பிரிவோ நிலமும் படிப்பும் பாராமல், 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு வாக்குரிமை தருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பத்தி எழுதச் சொன்னேன். ஒரே நிபந்தனை: மாற்றுக் கருத்தை நேர்மையாக எடுத்துரைத்த பின்பே தம் கருத்தை எழுத வேண்டும். முதலில் வாசிக்க முன்வந்தவள் அந்த மாணவிதான்.