நினைவகத்தின் புலப்படம்

பள்ளியிலும் வீட்டிலும் நாம் பயன்படுத்தும் வைஃபை ரவுட்டருக்குள் வன்தட்டு கிடையாது. சிறிய ஃபிளாஷ் நினைவகச் சில்லு ஒன்றுதான் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது. கருவியைத் தொடங்கி வைக்கும் நிரல், அமைப்புகள், இயங்குதளம் எல்லாம் அதற்குள்தான். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று சில்லு தானாகச் சொல்லாது. அது வெறும் பைட்டுகளின் நீண்ட வரிசை.

லினக்ஸ் இயங்குதளத்துக்கு இதை எடுத்துச் சொல்வது 'டிவைஸ் ட்ரீ' என்னும் விவரக் கோப்பு. நிலத்தின் எல்லையை அறியப் புலப்படம் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு பகுதியின் பெயர், தொடக்க இடம், அளவு மூன்றும் இக்கோப்பில் இருக்கும். சில ரவுட்டர்களில் காணப்படும் அமைப்பு ஒன்று (எண்கள் பதினாறுநிலையில்):

தொடக்க நிரல்: தொடக்கம் 0, அளவு 30000
அந்நிரலின் அமைப்புகள்: தொடக்கம் 30000, அளவு 10000
தொழிற்சாலைத் தரவு: தொடக்கம் 40000, அளவு 10000
இயங்குதளம்: தொடக்கம் 50000

பதினொன்றாம் வகுப்பில் எண்முறைகள் பாடத்துக்கு இந்த அட்டவணையைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். 10000 என்பது 16இன் நான்காம் அடுக்கு. அதாவது 65,536 பைட்டுகள், 64 கிலோபைட். ஒரு பகுதி முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறதா என்று மாணவர்களே கூட்டிச் சரிபார்க்கலாம்.

மூன்றாம் வரியைக் கவனியுங்கள். வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் 6 பைட் மேக் முகவரியும், அந்த ஒரு கருவிக்கென்றே தொழிற்சாலையில் அளந்து பதிந்த வைஃபை அளவீடுகளும் அங்கே இருக்கின்றன. டிவைஸ் ட்ரீயில் முகவரி எழுதப்படுவதில்லை. 'இப்பகுதியின் தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி, 6 பைட்டுகளைப் படி' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஆகவே ஒரே மாதிரியைச் சேர்ந்த ஆயிரம் ரவுட்டர்களுக்கும் ஒரே கோப்பு போதும். ஒவ்வொன்றும் தன் முகவரியைத் தன் சில்லிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இயங்குதளம் கெட்டுப்போனால் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். தொழிற்சாலைத் தரவு அழிந்தால் அதை எங்கும் பதிவிறக்க முடியாது. வேறொரு கருவியிலிருந்து அப்படியே நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி ஆகிவிடும். அளவீடுகளும் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் அப்பகுதிக்கு 'படிக்க மட்டும்' என்ற குறிப்பைக் கோப்பில் சேர்க்கிறார்கள். அதைக் கண்டால் லினக்ஸ் அங்கே எழுத விடாது.

பழைய ரவுட்டரில் வேறு இயங்குதளம் ஏற்றிப் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். தடுக்க வேண்டாம். அந்த 64 கிலோபைட்டை முதலில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.